எந்த பிளாக்?

நெய்வேலியில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பேரைக் கேட்க மாட்டோம். "எந்த பிளாக்?" என்றுதான் கேட்போம். அதற்குப் பதில் வந்துவிட்டால் மற்றதை நாங்களே கணக்குப் போட்டுக்கொள்வோம். பிளாக் தெரிந்தால் குவார்ட்டர்ஸ் என்ன டைப் என்று தெரியும். டைப் தெரிந்தால் வீட்டுக்காரருக்கு என்ன வேலை, வாசலில் கார் நிற்குமா ஸ்கூட்டர் நிற்குமா, வீட்டம்மாவிடம் எந்த அளவுக்குப் பணிந்து பேச வேண்டும் எல்லாம் தெரியும். கல்யாணப் பேச்சில்கூட ஜாதகம் அப்புறம்தான். கோயிலில் பிரசாதத்துக்குக் கை நீட்டிக்கொண்டே இரண்டு பெண்கள் பிளாக் விசாரிப்பார்கள். கையில் பொங்கல் விழுவதற்குள் ஒருத்தி கொஞ்சம் நிமிர்ந்திருப்பாள், இன்னொருத்தி கொஞ்சம் குனிந்திருப்பாள். நிமிர்ந்தவள் ஒருநாளும் நானாக இருந்ததில்லை.

நான் ராமநாதபுரம் பக்கத்துப் பெண். கருவேலமுள்ளும் உப்புத்தண்ணீரும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து இறங்கியபோது நேர்நேராக ரோடும், இரண்டு பக்கமும் மரமும், ஒரே அச்சில் வார்த்த வீடுகளும் பார்த்து மிரண்டுபோனேன். பெரிய ஆஸ்பத்திரி வளாகம் மாதிரி இருந்தது, நோயாளிதான் இல்லை. வந்த வாரமே கடைக்குப் போய்த் திரும்பியவள், நேராக வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்துவிட்டு, அரிசி டின்னைத் திறந்து பார்த்தேன். காலையில் பாதி டின் இருந்த அரிசி விளிம்புவரை இருந்தது. இவர் வாங்கிப் போட்டிருக்கிறார், பரவாயில்லை, பொறுப்பான மனுஷன்தான் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டிருந்தேன். பின்கட்டிலிருந்து ஈரத்துணியோடு ஒரு அம்மா வந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"புதுசா கல்யாணமானவளா? உங்க வீடு அடுத்த லைன்மா. பால் பொங்கட்டும், ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ" என்றாள்.

காப்பி நன்றாக இருந்தது. இந்த ஊரில் அடுத்தவர் சமையலறையில் போய் உட்காருவது அன்றைக்கே எனக்குப் பழகிவிட்டது.

எங்கள் லைனில் ஒரு வீடு தஞ்சாவூர், ஒரு வீடு நாகர்கோவில், ஒரு வீடு வேலூர். என் வீட்டுக்காரர் சேலம். எல்லோரும் அவரவர் பேச்சோடுதான் வந்தோம். ஷிப்ட் பஸ்ஸிலும் தண்ணீர்க் குழாயடியிலும் உரசி உரசி அந்தப் பேச்சின் மூலைமுடுக்கெல்லாம் தேய்ந்துவிட்டது. என் பையனை ஊருக்குக் கூட்டிப்போனால், "என்னடி, உன் பிள்ளை ரேடியோவில் நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசுறான்" என்பார்கள். அவனுக்கு எந்த ஜில்லாவின் தமிழும் வராது. ஷிப்ட், குவார்ட்டர்ஸ், மைன்ஸ், காண்ட்ராக்ட், பெர்மனென்ட் என்பதெல்லாம் இங்கிலீஷ் என்றே பள்ளிக்கூடம் போகும்வரை அவனுக்குத் தெரியாது.

எங்களுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, டவுன்ஷிப்புக்கு அப்பால் இருப்பது எல்லாமே 'வெளியே'. வடலூரும் வெளியே, சென்னையும் வெளியே, அமெரிக்காவும் வெளியே. இன்னொன்று, எது கெட்டுப்போனாலும் 'கம்ப்ளெயின்ட் புக் பண்ணு' என்பது. குழாய் ஒழுகினால், பியூஸ் போனால், சாக்கடை அடைத்தால், வாசலில் பாம்பு வந்தால், எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து. புக் பண்ணிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. யாராவது வருவார்கள். ஸ்க்ரூ டிரைவரின் எந்த முனையைப் பிடிக்க வேண்டும் என்று தெரியாமலே என் வீட்டுக்காரர் மின்நிலையத்தில் வேலைபார்த்து ரிட்டயர் ஆனார். அங்கே மட்டும் கெட்டிக்காரராம். அவரோடு வேலைபார்த்தவர்கள் சொன்னார்கள், நம்பிக்கொண்டேன்.

ஊரின் வரலாறு என்று ஒன்று எல்லோருக்கும் மனப்பாடம். யாரோ கிணறு தோண்டினார், தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது, காயவைத்தால் பற்றி எரிந்தது. அப்புறம் அதிகாரிகள் வந்தார்கள், வீடு உயரத்துக்குச் சக்கரம் வைத்த மிஷின் வந்தது, அப்புறம் நாங்கள் வந்தோம். இவ்வளவுதான். இந்த வரலாற்றில் நாங்கள் வருவதற்கு முன்னால் ஒரு வரி எப்போதும் விட்டுப்போகும். விட்டுப்போன அந்த வரியைத் தலையில் தயிர்ப்பானையோடு தினம் எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கியவள் தயிர்க்காரம்மா.

அவள் ஊர் டவுன்ஷிப்புக்கு வெளியே இருந்தது. ஆனால் அது அவள் ஊர் இல்லையாம். பழைய ஊர் எங்கே என்று கேட்டால் என் சமையலறையைக் காட்டுவாள்.

"தோ, தண்ணி டேங்கு நிக்குதே, அது எங்க களம். நீ அடுப்பு வெச்சிருக்கிற எடத்துலதான் எங்க மாமியா கேவுரு அரைச்சுக்கினு குந்தியிருப்பாங்க" என்பாள்.

கேட்டபோது எனக்குக் கொஞ்சம் புல்லரித்தது என்று சொல்ல வேண்டும். ஒருநாள் லைனில் பேசிக்கொண்டிருந்தபோது வேலூர் அம்மாவும் அதையே சொன்னாள். அவள் அடுப்படியிலும் ஒரு மாமியார் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தாளாம். தஞ்சாவூர் வீட்டிலும் அப்படியே. மறுநாள் தயிர் வாங்கும்போது பிடித்துக்கொண்டேன்.

"ஏன் தயிர்க்காரம்மா, உங்க மாமியாருக்கு எத்தனை உரல்?"

அவள் அசரவில்லை. "எங்க வூடு பெருசும்மா" என்றாள்.

அவளுக்கும் எனக்கும் சண்டை வரும் இடம் பின்பக்கத் தோட்டம்தான். தயிர் ஊற்றிவிட்டு நேராகப் பின்னால் போவாள். முருங்கைக்கீரையை உருவி மடியில் கட்டுவாள். நான் ஆசையாக வளர்த்த செடியை, "இதெல்லாம் எதுக்கு, எருமைகூட மோந்து பாக்காது" என்று பிடுங்கி வீசுவாள். கேட்டுவிட்டுப் பறிக்கக் கூடாதா என்றால் ஒரே பதில்தான்.

"எங்க கொல்லைம்மா இது."

அவர்கள் பக்கத்தில் வீட்டின் பின்புறமும் கொல்லைதான், முந்திரியும் பலாவும் நிற்கிற மேட்டு நிலமும் கொல்லைதான். அவள் எந்தக் கொல்லையைச் சொன்னாள் என்று நான் கேட்டதில்லை. சிரித்துத் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்துவேன். கம்பெனி கொடுத்த வீடு, கம்பெனி கொடுத்த தோட்டம், இவள் வந்து பட்டா பேசுகிறாள் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அந்தத் தோட்டத்தில்தான் எங்கள் பலா நின்றது. அதை யார் நட்டது என்பதில் இன்றுவரை எங்களுக்குள் தீர்ப்பு வரவில்லை. நான் தின்றுவிட்டு எறிந்த கொட்டை சாக்கடை ஓரமாக முளைத்தது என்பது உண்மை. தான் குழி வெட்டி வைத்ததாக இவர் சொல்வது இவர் மின்நிலையத்தில் கெட்டிக்காரராக இருந்த மாதிரி ஒரு செய்தி. எங்கள் ராமநாதபுரத்தில் பலாப்பழம் சந்தையில் சுளையாக வரும். முழுப்பழத்தை நான் இங்கே வந்துதான் பார்த்தேன். நெய்வேலியில் அது ஒரு அதிசயமே இல்லை. எந்த வீட்டுப் பின்னாலும் பலா நிற்கும், சீசனில் தெரு முழுக்க மணக்கும். அக்கம்பக்கத்து வீடுகளில் கொத்துக்கொத்தாகக் காய்த்துத் தொங்கும். அவர்கள் சுளை கொடுத்தனுப்புவார்கள். நான் வாங்கித் தின்பேன். எங்கள் மரம் மட்டும் தளதளவென்று இலை விட்டுக்கொண்டு, எனக்கும் காய்ப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நிற்கும்.

செய்யாத வைத்தியம் இல்லை. ஆணி அடித்தோம். பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டோம். ஒரு வெள்ளிக்கிழமை நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய், "தின்கிறதெல்லாம் எங்கேடி போகுது உனக்கு?" என்று நாலு சாத்து சாத்தினேன். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "கம்ப்ளெயின்ட் புக் பண்ணிடவா?" என்றார். தயிர்க்காரம்மா மட்டும் மரத்தைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னாள்:

"எங்க கொல்லையில எங்களைக் கேக்காம காய்ச்சிடுமா?"

"சரி, இப்பக் கேக்குறேன். காய்க்கலாமா?"

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வருஷாவருஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இவர் ரிட்டயர் ஆனார். மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்யக் கொஞ்ச மாசம் தவணை உண்டு. குள்ளஞ்சாவடிப் பக்கம் எப்போதோ வாங்கிப்போட்ட மனையில் வீடு கட்டி முடித்திருந்தோம். பங்குனியில் போவதாக முடிவு. பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்த ஒருநாள், பின்னால் துணி உலர்த்தப் போனவள் மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டேன். அடிமரத்தில், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையாக ஒரு பிஞ்சு.

ஒன்றே ஒன்று. மரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினேன், வேறு கிடையாது.

நான் போட்ட சத்தத்தில் பாம்பு என்று நினைத்து இவர் கம்போடு ஓடிவந்தார். பார்த்தார். கம்பைக் கீழே போட்டார். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் சும்மா நின்றுவிட்டு, வண்டி சொல்லி முன்பணமும் கொடுத்த பிறகு காய்க்கிறதே, இது மரமா சம்பந்தியா?

கணக்குப் பார்த்தோம். பழுக்க வைகாசி கடைசி, ஆனி ஆகும். வீட்டுச் சாவியைப் பங்குனியிலேயே கொடுத்தாக வேண்டும். தவணையை நீட்டச் சொல்லிக் கேளுங்கள் என்றேன். "என்ன காரணம் எழுதறது? பலாக்காய்னா?" என்றார். கம்பெனியிலிருந்து வீட்டைப் பார்வையிட வந்தவர் விசிறிக் கொக்கி, குழாய், ஜன்னல் கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டபோது பின்னாலேயே நடந்தேன். "மரத்தைக் குறிக்கலையா?" என்று கேட்டேன். "மரம் கணக்குல வராதுங்க" என்றார். அப்படியானால் அது யாருடையது என்று கேட்டதற்கு அவர் பேனாவை மூடிக்கொண்டு, "அதெல்லாம் சாவி யார்கிட்ட இருக்கோ அவங்களுதுங்க" என்றார். நியாயமான மனுஷன்தான். அன்றைக்கு மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்து வருகிறவர்கள் வீட்டைப் பார்க்க வந்தார்கள். பீகார் பக்கத்துப் பையன், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். கூட அவன் மனைவி, கல்யாணக் கைவளையல் கழற்றாத சின்னப் பெண். அவன் வேலைக்கு ஓடிவிட்டான். அவளை நான் கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிப்போனேன். எனக்கு இந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இடையில் கிடந்தது இங்கிலீஷ், அது இரண்டு பேருக்குமே சொந்தமில்லை.

காயைக் காட்டினேன். அவள் கண் விரிந்தது. "கட்ஹல்!" என்று கத்தினாள்.

எனக்கு அது 'கட் ஆல்' என்று விழுந்தது. இருக்கிறதே ஒன்று, அதில் எல்லாவற்றையும் வெட்டுவாளாமா?

"நோ கட்! நோ கட் ஆல்!" என்றேன்.

"எஸ், எஸ்! ஐ நோ கட்ஹல்!" என்று தலையை ஆட்டினாள்.

"நோ, நோ கட் ஆல்!"

"ஐ நோ, ஆன்ட்டி! ஐ நோ!"

சரி, புரிந்துகொண்டுவிட்டாள் என்று மூச்சு விட்டேன். ஆனாலும் விவரமாகச் சொல்லிவிடுவது நல்லது என்று, "ஜூன்" என்று விரலை நீட்டினேன். காயை விரலால் தட்டி, சத்தம் மாறும் என்று காதைக் காட்டினேன். வாசம் வரும் என்று மூக்கைப் பிடித்து உறிஞ்சிக் காட்டினேன். "ஜூன், ஐ கம்" என்று முடித்தேன். அவள் என் மூக்கையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஓகே ஆன்ட்டி. ஜூன். அண்டர்ஸ்டாண்ட்" என்றாள். நல்ல பெண், சொன்னால் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாமான் ஏற்றிய அன்று தயிர்க்காரம்மா வந்தாள். காயைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "கேட்டுக்கினுதான் காய்ச்சிருக்குது" என்றாள். வண்டியில் பீரோவையும் கட்டிலையும் அடுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாங்களும் இப்பிடித்தாம்மா போனோம். எங்களுக்குக் கட்டை வண்டி. வேற ஒண்ணும் வித்தியாசம் இல்ல."

அப்புறம் அவளாகவே, "எம் பொண்ணை வளையமாதேவியில குடுத்தேன். இந்தப் பக்கமே வேணாம்னுதான் அங்க குடுத்தேன். அங்கயும் பின்னாடியே வந்துட்டீங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மருமகன் வீட்டு நிலமும் சுரங்கத்துக்குப் போகிறதாம். மீதியிருந்த ஊறுகாய் ஜாடியை அவள் கையில் கொடுத்தேன். வாங்கி முகர்ந்து பார்த்து, உப்பு ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

குள்ளஞ்சாவடியில் எங்கள் வீடு சொந்த வீடு. அதில்தான் சிக்கல். வந்த வாரமே சமையலறைக் குழாய் ஒழுகியது. இவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்து, "கம்ப்ளெயின்ட் புக் பண்ணு" என்றார். யாரிடம் என்றேன். பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைசியில் பக்கெட் வைத்தோம். கடைக்குப் போனால் என்னை யாரும் பிளாக் கேட்கவில்லை. "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார்கள். நெய்வேலி என்றால், "அது சரி, சொந்த ஊரு?" என்றார்கள். ராமநாதபுரம் என்றால், அங்கே இருக்கிறவர்கள் என்னை நெய்வேலிக்காரி என்கிறார்கள். கடைக்காரரிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா, கொத்தமல்லிக்கட்டு வாங்கும்போது?

எனக்குக் காய் நினைப்பாகவே இருந்தது. எவ்வளவு பெருத்திருக்கும், அணில் கடித்திருக்குமோ, எவனாவது தூக்கிக்கொண்டு போயிருப்பானோ என்று அரித்தது. வீட்டை விட்டுவிட்டு வந்தேன், சரி. லைனை விட்டேன், பழகிய கடையை விட்டேன், அதுவும் சரி. அந்த மரத்தின் முதல் பழத்தில் ஒரு சுளையாவது வாயில் போட்டுவிட்டால் அங்கே இத்தனை காலம் இருந்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கும் என்று பைத்தியம் மாதிரி தோன்றியது. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒருநாள் பஸ் ஏறினேன். வடலூரில் பஸ் மாறி, டவுன்ஷிப்பில் இறங்கி, வீட்டின் பின்பக்க வேலியோரம் போனால், மரத்தடியில் ஒரு ஆள் மண்டியிட்டு உட்கார்ந்து காய்க்குச் சாக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்தச் சின்னப் பெண் சணல்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த முதுகு எனக்குத் தெரியும். காலையில் பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய முதுகு.

"என்னங்க, பென்ஷன் ஆபீஸ் இங்கேயா இருக்கு?" என்றேன்.

இவர் திரும்பாமலே, "உன் சாமி இங்கேயா இருக்கு?" என்றார்.

அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தோம். அதற்குப் பிறகு பொய் சொல்கிற வேலை மிச்சம். வாரம் ஒருமுறை சேர்ந்து போனோம். அந்தப் பெண் டீ கொடுப்பாள், காயைத் தடவிப் பார்ப்பாள், "ஜூன்" என்று சொல்லிக் கவலையாக மூக்கைப் பிடித்துக்காட்டுவாள். நானும் மூக்கை உறிஞ்சிக்காட்டுவேன். எங்களுக்குள் நல்ல புரிதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வைகாசி பிறந்த வாரம் போனோம். வாசலிலேயே கடுகெண்ணெய் நெடி. பின்னால் போனால் சாக்கு தரையில் மடித்துவைத்திருந்தது. மரத்தில் காம்பு இருந்த இடத்தில் வெள்ளையாகப் பால் வடிந்து காய்ந்திருந்தது.

இவர் மரத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெண் நெற்றி வியர்வையோடு கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஆன்ட்டி! கம், கம்! கட்ஹல்! டுடே ஒன்லி ஐ மேட்!"

"ஏம்மா வெட்டினே?" என்று தமிழிலேயே கத்தினேன். "ஜூன்னு சொன்னேன் இல்ல? ஜூன்!"

அவள் பயந்துபோய்விட்டாள். அவசரமாகப் போனை எடுத்து அதில் பேசி, அது தமிழில் சொல்வதை என் காதருகே பிடித்தாள். போனில் ஒரு குரல் நிதானமாகச் சொன்னது. பலாக்காய்க்கு அவர்கள் ஊரில் கட்ஹல் என்று பேராம். ஜூன் வந்தால் அது பழுத்து நாறிப்போய்விடும், அதற்குள் சமைத்துவிடு, நானும் சாப்பிட வருகிறேன் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேனாம். என் மூக்கைப் பார்த்துத்தான் எவ்வளவு நாறும் என்று அவளுக்குப் புரிந்ததாம். நாங்கள் வருகிற நாளாகப் பார்த்து இன்று காலை எண்ணெய் தடவிக்கொண்டு அவளே அறுத்தாளாம்.

காய் நிறையத் தொங்கினால் இங்கேயும் ஒன்றிரண்டு பிஞ்சைப் பறித்துக் கறி வைப்பார்கள்தான். ஒற்றைக் காயை வைப்பார்களா? இதை அந்தப் போனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. அவளைப் பார்த்தேன். கையில் பலாப்பிசின் அங்கங்கே ஒட்டிக் கறுத்திருந்தது. காலையிலிருந்து தனியாக அந்தக் காயோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். எனக்காக.

சமையலறைத் தரையில் உட்கார்ந்தோம். என் சமையலறை. அடுப்பு அதே இடம், குழாய் அதே இடம், அது ஒழுகவில்லை, புக் பண்ணியிருப்பார்கள். சப்பாத்தியும் அந்தக் கறியும் தட்டில் வைத்தாள். வாயில் வைத்தேன். எப்படியாவது நன்றாக இல்லாமல் இருந்துவிட வேண்டும் என்று மனசார வேண்டிக்கொண்டேன். ஆட்டுக்கறி தோற்கும். சதைப்பற்றாக, காரமாக, உள்ளே பிஞ்சுக்கொட்டை மாவு மாதிரி கரைந்தது. நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற மனுஷன், "இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டினார்.

கொட்டையைக் கொஞ்சம் எடுத்துவைத்துக் குள்ளஞ்சாவடியில் நட்டால் என்ன என்று தோன்றியது. பிஞ்சுக்கொட்டை முளைக்காது. அதுவும் மசாலாவில் வெந்தது.

அப்போது வாசல் கதவு திறந்தது. ஷிப்ட் முடிந்து அந்தப் பையன் உள்ளே வந்தான். நாங்கள் முன்னால் வந்தபோதெல்லாம் அவன் வேலையில் இருந்திருக்கிறான், வீடு பார்க்க வந்த அன்று பார்த்த முகம் அவனுக்கு மறந்துவிட்டது. தன் சமையலறைத் தரையில் ஒரு கிழவரும் கிழவியும் உட்கார்ந்து தன் சாப்பாட்டை வழித்துத் தின்பதைப் பார்த்தான். பெண் இந்தியில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தினான். பெரியவர்களிடம் அவர்கள் பேச்சிலேயே பேச வேண்டும் என்று நினைத்தான் போல. ஷிப்ட் பஸ்ஸில் கற்றுக்கொண்ட தமிழை மனசுக்குள் தேடி எடுத்து, என்னைப் பார்த்து மரியாதையாகக் கேட்டான்.

"அம்மா, நீங்க... எந்த பிளாக்?"

வாயில் சப்பாத்தி இருந்தது. விழுங்கினேன். சொல்வதற்கு எனக்கு ஒரு நம்பரும் இல்லை என்று அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. ராமநாதபுரம் என்று சொல்வதா, குள்ளஞ்சாவடி என்று சொல்வதா என்று யோசிக்கும்போதே வேறொன்று என் வாயில் வந்துவிட்டது. நான் சொல்ல நினைத்தது இல்லை அது. குரல்கூட என்னுடையது மாதிரி இல்லை.

"எங்க கொல்லைப்பா இது."

இவர் கை தட்டிலேயே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது யார் குரல் என்று தெரியும்.

அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. சிரித்து, நன்றாகத் தலையாட்டிவிட்டு, செருப்பைக் கழற்றப் போனான். தயிர்க்காரம்மா சொன்னபோதெல்லாம் நானும் இப்படித்தான் தலையாட்டியிருக்கிறேன்.